பொருள்: ஏப்ரல் 9, ஹொலிஹொக்கையும் சேருங்கோ

அன்பின் ஊர் உறவுகளுக்கு,

1942 ஏப்ரல் 9 அன்று யப்பான் விமானங்கள் குண்டு போட்டு எங்கட மட்டக்களப்புக் கடலில் மூழ்கின பிரிட்டிஷ் கப்பல் ஹெர்மீஸ். மெல்பேர்ண் அண்ணன் அனுப்பின அதன் படங்களை வீட்டில எல்லாரும் பார்த்தோம். 50 மீட்டருக்கும் கீழே போய் எடுத்திருக்கிறார்கள், சும்மா வேலையில்லை. ஆனால், அண்ணன், "அன்றைக்கு எங்கட கடலில் தாண்டது இரண்டு போர்க்கப்பல்" என்று எழுதினதைத் திருத்த வேணும். மூன்று. ஹெர்மீஸையும் அதோடு போன வம்பயர் என்ற அவுஸ்திரேலிய நாசகாரிக் கப்பலையும் சொல்லுகிற எல்லாரும் ஹொலிஹொக்கை விட்டுவிடுகிறார்கள்.

ஹொலிஹொக் ஒரு கொர்வெட், அதாவது சின்னக் காவல் போர்க்கப்பல். 1940இல் சண்டர்லாந்தில் கடலில் இறக்கினது, 205 அடி நீளம். அந்த ரகம் எல்லாவற்றுக்கும் பிரிட்டிஷார் பூப் பெயர் வைத்தார்கள். ஹொலிஹொக் எங்கட செவ்வரத்தைக்குச் சொந்தக்காரப் பூ. திமிங்கில வேட்டைக் கப்பலைப் பார்த்துக் கீறின வடிவம் என்றபடியால் சின்னக் கப்பல் பட்டறைகளிலும் கெதியாகக் கட்ட முடிந்தது. ஆட்டம்தான் பொல்லாதது. ஈரப்புல்லில் விட்டாலும் உருளும் என்று மாலுமிகளே பகிடி பண்ணுவார்களாம். வேலை, சரக்குக் கப்பல்களுக்குக் காவல். நீர்மூழ்கி வந்தால் தண்ணிக்கடியில் வெடிக்கிற குண்டு போடுவது. வேகம் 16 நொட் (மணிக்கு 30 கிலோமீட்டர் அளவு), முன்னுக்கு ஒரு 4 அங்குலப் பீரங்கி. மேலே இருந்து குத்திப் பாய்கிற விமானத்துக்கு அதை வைத்து என்ன செய்வது?

1942 ஏப்ரல் 8, யப்பான்காரன் வாறான் என்று தெரிந்ததும் திருகோணமலைத் துறைமுகத்தில் நின்ற கப்பல்களை வெளிக்கிடச் சொல்லிவிட்டார்கள். ஹெர்மீஸ் விமானந்தாங்கி, ஆனால் அன்றைக்கு அதில் ஒரு விமானமும் இல்லை. ஹொலிஹொக் அதெல்ஸ்டேன் என்ற எண்ணெய்க் கப்பலுக்குக் காவலாகத் தெற்கே வந்தது. அடுத்த நாள் காலை திருகோணமலையை அடித்த பிறகு, யப்பான் கடற்படைத் தளபதி நகுமோ இன்னொரு தொகுதி விமானங்களை எங்கட கரைப்பக்கம் அனுப்பினார்.

ஹெர்மீஸில் 307 பேர் செத்துப் போனார்கள். ஹெர்மீஸ், வம்பயர் ஆட்கள் 600 பேரளவில் வீட்டா என்ற ஆஸ்பத்திரிக் கப்பல் தூக்கிக் காப்பாற்றினது. அதெல்ஸ்டேனும் தாண்டது, ஆனால் அதில் ஒருத்தரும் சாகவில்லை. அதற்குக் காவல் வந்த ஹொலிஹொக்கில் 53 பேர் செத்தார்கள். இந்த ரகக் கப்பலில் மொத்தமே 85 பேர் அளவில்தான் இருப்பார்கள்.

சங்க நாட்காட்டியில் ஏப்ரல் 9க்கு நேரே ஹெர்மீஸ் மட்டும்தான் நிற்கிறது. அடுத்த வருசம் அச்சடிக்க முதல் மற்ற இரண்டு பெயரையும் போடுங்கோ. கல்முனைப் பக்கம் வயசான ஆட்கள் உள்ளவர்கள், அன்று காலை வெடிச் சத்தம் கேட்டதாகத் தாய் தகப்பன் ஏதும் சொன்னார்களா என்று ஒருக்கா விசாரித்து எழுதுங்கோ.

கல்லடியான்
டொரொண்டோ