அப்பா கேட்ட ரயில் சூப்

கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிய பிறகு இரண்டு நாட்களாக அப்பாவுக்குக் கஞ்சியும் இறங்கவில்லை, குழைந்த ரசம் சாதமும் இறங்கவில்லை. மூன்றாம் நாள், "சதாப்தியில் கொடுப்பார்களே, அந்தத் தக்காளி சூப் வைத்துத் தருகிறாயா அம்மா?" என்று கேட்டார். வேலையில் இருந்த காலத்தில் கோவையிலிருந்து சென்னைக்கு அந்த ரயிலில்தான் வருவார். இரவுச் சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு கோப்பை சூப், குச்சி ரொட்டி, ஒரு துண்டு வெண்ணெய். அவர் வாய்விட்டுக் கேட்டதே அபூர்வம். உடனே அடுப்பைப் பற்றவைத்தேன்.

முதல் முறை கெட்டுப்போனது. நாட்டுத் தக்காளியை வேகவைத்துச் சூட்டோடு மிக்ஸியில் போட்டேன். ஆவி மூடியைத் தூக்கியெறிந்து, முன்கையில் தெறித்துக் கொப்புளமாகிவிட்டது. தயவுசெய்து முழுக்க ஆறவிட்டு அரையுங்கள். பிறகு, கொதித்துக்கொண்டிருந்த சூப்பில் ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த பாலை ஒரு டம்ளர் ஊற்றினேன். கண்ணெதிரே திரிந்தது. கரண்டியின் முதுகில் ரவை ரவையாக வெள்ளைத் துகள்கள், ஓரமெல்லாம் பிரிந்து நின்ற நீர். எலுமிச்சை பிழிந்து பனீர் எடுக்கிறோமே, அதே வேலையைத்தான் தக்காளியின் புளிப்பு செய்திருக்கிறது. புளிப்போடு கொதியும் சேர்ந்தால் பாலின் புரதம் திரண்டுவிடும்.

மறுநாள் பெங்களூர் தக்காளி அரை கிலோ வாங்கினேன். சதை அதிகம், புளிப்பு குறைவு. ஒரு மேசைக்கரண்டி வெண்ணெயில் பிரிஞ்சி இலை, நான்கு பல் பூண்டு, ஒரு பெரிய வெங்காயம், சின்ன கேரட் ஒன்று வதக்கி, தக்காளியும் உப்பும் போட்டு மூடி, சிறு தீயில் 20 நிமிடம் விட்டேன். இங்கே அவசரப்பட்டால் பச்சை வாசனை கடைசிவரை போகாது. இலையை எடுத்துவிட்டு, ஆறியதும் அரைத்து, தோலும் விதையும் நிற்கும்படி வடிகட்டி, மறுபடி சூடாக்கினேன்.

இந்த முறை பாலுக்குப் பதில் க்ரீம். பாக்கெட் க்ரீமில் கொழுப்பு சுமார் 25 சதவீதம். நீல பாக்கெட் பாலில் 3 சதவீதம்தான். கொழுப்பு கூடி, புரதம் குறைந்திருப்பதால் க்ரீம் எளிதில் திரியாது. நான்கு மேசைக்கரண்டி க்ரீமைக் கிண்ணத்தில் எடுத்து, சூடான சூப்பை இரண்டு கரண்டி சிறிது சிறிதாக விட்டுக் கலக்கினேன். அடுப்பை அணைத்த பிறகே அதைப் பாத்திரத்தில் சேர்த்தேன். சிவப்பு அப்படியே மங்கி, அந்தி வானத்து நிறத்துக்கு வந்தது. அதன்பின் கொதிக்கவிடவே இல்லை.

வீட்டில் பால் மட்டும்தான் இருக்கிறது என்றால், ஆறிய பாலில் ஒரு தேக்கரண்டி கார்ன்ஃப்ளார் கரைத்துத் தனியாகக் காய்ச்சி, கெட்டியானதும் சேர்க்கலாம். மாவு புரதத்தை எளிதில் திரளவிடாது. பால் ஒத்துக்கொள்ளாத சித்திக்கு, வெண்ணெய்க்குப் பதில் எண்ணெயில் வதக்கி, வெந்நீரில் ஊறவைத்த 10 முந்திரியை அரைத்துவிட்டேன். நன்றாகத்தான் இருந்தது, ஆனால் சுவை குருமாவின் பக்கம் சாய்ந்துவிடுகிறது.

வெதுவெதுப்பாக ஆற்றிக் கொடுத்தேன். குச்சி ரொட்டியைக் கடிக்க முடியாது என்பதால், ஓரம் நீக்கிய ரொட்டியைத் தோய்த்துச் சாப்பிட்டார். கோப்பையின் அடியில் ஒட்டியிருந்ததையும் வழித்துவிட்டு, "ரயிலில் இன்னும் கொஞ்சம் தித்திப்பாக இருக்கும்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை மறுபடி செய்கிறேன். சர்க்கரை போட எனக்கு மனமில்லை. கேரட்டோடு பீட்ரூட்டும் சேர்ப்பவர்கள், அரை கிலோ தக்காளிக்கு எவ்வளவு போடுகிறீர்கள்? மண்வாசம் தெரியாமல் இருக்க வேண்டும்.