சிலிக்கான் உயிர் இருக்க வாய்ப்பே இல்லையா?

தூரத்துவெளிச்சம்:
வேற்றுக்கிரக உயிர் என்றதுமே கார்பனையும் தண்ணீரையும் தேடிக் கிளம்புவது எனக்கு ஒப்பவில்லை. தனிம அட்டவணையில் கார்பனுக்கு நேர் கீழே சிலிக்கான் இருக்கிறது. அதற்கும் நான்கு கைகள், அதாவது மற்ற அணுக்களோடு நான்கு பிணைப்புகள் போட முடியும். ஜெர்மன் வானியலாளர் யூலியஸ் ஷைனர் 1891-லேயே இதை யோசித்துவிட்டார். நாம் மட்டும் இன்னும் கார்பனையே கட்டிக்கொண்டு அழுகிறோம்.

குடுவைக்காரர்:
தம்பி, கை நான்கு இருந்தால் போதுமா, பிடி வேண்டாமா? இரண்டு கார்பன் அணுக்களைப் பிரிக்க மோலுக்கு (அணுக்களை எண்ண வேதியியலில் வைத்திருக்கும் அளவு) சுமார் 350 கிலோஜூல் ஆற்றல் வேண்டும். இரண்டு சிலிக்கானுக்கு 225 போதும். ஆனால் சிலிக்கானும் ஆக்சிஜனும் சேர்ந்துவிட்டால் 450 பக்கம் போய்விடும். அதாவது ஆக்சிஜன் கண்ணில் பட்டால், பக்கத்தில் நிற்கும் தன் இனத்தானை உதறிவிட்டு அதனோடு ஒட்டிக்கொள்ளும்.

மீத்தேனில் கார்பன் இருக்கும் இடத்தில் சிலிக்கானை வைத்தால் சிலேன். மீத்தேன் எரியத் தீப்பொறி வேண்டும். சிலேனுக்குக் காற்றுப் பட்டாலே போதும், தானாகப் பற்றிக்கொள்ளும். இதை வைத்து உடம்பு கட்டப் போகிறீர்களா?

அப்புறம் மூச்சு. நாம் வெளிவிடும் கார்பன் டை ஆக்சைடு வாயு, காற்றோடு போய்விடும். சிலிக்கான் டை ஆக்சைடு என்பது குவார்ட்ஸ், அதாவது மணல். உருகவே 1,700 டிகிரி செல்சியஸ் வேண்டும். உங்கள் ஜந்து மூச்சுக்கு மூச்சு மணலைத் துப்ப வேண்டியிருக்கும்.

எறும்பு:
மணல் துப்பும் ஜந்து 😀 குறுக்கே ஒரு கேள்வி. பூமியின் மேலோட்டில் எடைக்கணக்கில் நூற்றுக்கு 28 பங்கு சிலிக்கான் என்று படித்தேன். கார்பன் அரைப் பங்குகூட இல்லையாமே. அப்படியும் உயிர் ஏன் கார்பனைத் தேடிப் பிடித்தது?

குடுவைக்காரர்:
என் வேலையை எளிதாக்கிவிட்டீர்கள். காலடியெல்லாம் சிலிக்கான் கிடந்தும் உயிர் அதைச் சீந்தவில்லை. விண்ணிலும் இதே கதைதான். 1969-ல் ஆஸ்திரேலியாவில் விழுந்த மர்ச்சிசன் விண்கல்லில் எழுபதுக்கும் மேற்பட்ட அமினோ அமிலங்கள் (புரதங்கள் இந்த வகைச் சேர்மங்களால் ஆனவை) கிடைத்தன. எல்லாம் கார்பன் சேர்மங்கள். அதே கல்லில் சிலிக்கானும் ஏராளம், ஆனால் பாறையாக.

தூரத்துவெளிச்சம்:
பூமியில் நடந்தது தண்ணீருக்குள் நடந்த போட்டி சார். சிலிக்கானைத் தோற்கடிக்கும் மைதானத்திலேயே ஓடவிட்டுவிட்டுத் தோற்றது என்றால் எப்படி? சனியின் நிலவான டைட்டனைப் பாருங்கள். மைனஸ் 179 டிகிரி, காற்றில் ஆக்சிஜன் வாயு இல்லை, ஏரிகளில் மீத்தேனும் ஈத்தேனும். அந்தக் குளிரில் கார்பன் பிணைப்பு அசைந்து கொடுக்காது. தளர்ந்த பிடிதான் அங்கே வசதி.

குடுவைக்காரர்:
அந்த ஏரியே கார்பன் ஏரிதானே தம்பி! டைட்டனின் சிலிக்கான் முழுக்கப் பனி ஓட்டுக்கு அடியில், பாறைக்குள் பூட்டிக் கிடக்கிறது.

தூரத்துவெளிச்சம்:
சரி, டைட்டனை விட்டுவிடுகிறேன். 2016-ல் அமெரிக்காவின் கால்டெக் பல்கலைக்கழகத்தில் வேதியியலாளர் ஃபிரான்சிஸ் ஆர்னால்டின் குழு செய்ததற்கு என்ன சொல்வீர்கள்? ஐஸ்லாந்து வெந்நீரூற்றில் வாழும் பாக்டீரியாவின் புரதம் ஒன்றை எடுத்து, அதில் சில இடங்களை மட்டும் மாற்றி, கார்பனையும் சிலிக்கானையும் இணைக்க வைத்தார்கள். எந்த உயிரும் செய்து பார்த்திராத வேலை அது.

குடுவைக்காரர்:
அருமையான வேலை, மறுக்கவில்லை. ஆனால் வேலை செய்த புரதம் கார்பன். சிலிக்கான் சேர்மத்தைக் கொண்டுவந்து கொட்டியது மனிதன். சமையல்காரர் கார்பன்தான், சிலிக்கான் வெறும் காய்கறி.

நீலி:
இருவரும் 'முழுக்கச் சிலிக்கான், இல்லையேல் ஒன்றுமில்லை' என்றே பேசுகிறீர்கள். நுண்ணோக்கியில் டயாட்டம் என்ற நுண்பாசியைப் பார்த்திருக்கிறீர்களா? ஒரே ஒரு செல், அதைச் சுற்றி ஒரு கண்ணாடிப் பெட்டி. மூடி தனி, அடி தனி, உடம்பெல்லாம் வரிசை வரிசையாகத் துளைகள். தண்ணீரில் கரைந்திருக்கும் சிலிக்காவை (சிலிக்கானும் ஆக்சிஜனும் சேர்ந்த பொருள்) உறிஞ்சி அது தானே கட்டிக்கொண்டது. புல் நுனி விரலை அறுப்பதற்கும் சிலிக்காதான் காரணம். ஆக உயிருக்குச் சிலிக்கானைக் கையாளத் தெரியும், சுவர் கட்டுவதோடு நிறுத்திக்கொண்டது. வேறு கரைப்பானில், வெள்ளிக் கோளின் மேகங்களைப் போன்ற அடர்ந்த கந்தக அமிலத்தில் என்று வைத்துக்கொள்வோம், கார்பனோடு கூட்டாக இன்னும் கொஞ்சம் உள்ளே வந்திருக்கக்கூடாதா?

என் கவலை வேறு. 1976-ல் செவ்வாயில் இறங்கிய வைக்கிங் கலங்கள் மண்ணுக்கு ஊட்டிப் பார்த்தது கார்பன் சாப்பாடு, எதிர்பார்த்தது பெரும்பாலும் கார்பன் வாயு. மணலைக் கழிவாக விடும் ஒன்று அங்கே உட்கார்ந்திருந்தாலும் அந்தக் கருவிக்குத் தெரிந்திருக்குமா?

தூரத்துவெளிச்சம்:
இதைத்தான் நான் முதலிலேயே சொல்ல வந்தேன். எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

குடுவைக்காரர்:
நீலி அம்மா சொன்ன கூட்டுக்கணக்கு வேண்டுமானால் பேசலாம், அது என் வேதியியலை உடைக்கவில்லை. கருவி விஷயமும் நியாயம். ஆனால் எதைத் தேடுவது என்று சொல்லாமல் கருவி செய்ய முடியாதே. நம் உடம்பின் புரதங்களில் அமினோ அமிலங்கள், இடக்கை வலக்கை போல ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பமான இரு வடிவங்களில், இடக்கைப் பக்கமாகவே அமைந்திருக்கின்றன. அதுபோல ஒரே கைப்பக்கம் திரும்பிய சிக்கலான சிலிக்கான் சேர்மங்கள் எங்காவது குவிந்து கிடந்தால் காட்டுங்கள், அன்றைக்கு வாயை மூடிக்கொள்கிறேன். குவார்ட்ஸ் படிகத்திலும் இடம் வலம் உண்டு, அதைத் தூக்கிக்கொண்டு வந்துவிடாதீர்கள்.