மறுமொழி: ஸ்பீக்கரின் சென்சிட்டிவிட்டிக்கு ‘ஒலிப்பேறு’

நண்பர்களுக்கு வணக்கம்.

கொடுத்த மின்சாரத்துக்கு ஸ்பீக்கர் எவ்வளவு ஒலி தருகிறது என்ற அளவுதான் சென்சிட்டிவிட்டி. அதற்குத் தமிழில் ‘உணர்திறன்’ போதும் என்று போன மடலில் ஒருவர் எழுதியிருந்தார். மைக்குக்கு அது சரி, மைக் ஒலியை உணர்கிறது. ஸ்பீக்கர் உணர்வதில்லை, வாங்கிய மின்சாரத்தை ஒலியாகத் தருகிறது. இதைவிடப் பெரிய சிக்கல், நம் பாடநூல்களில் வாட் கணக்குக்குப் பெயர் திறன். ‘திறன் 8 வாட், உணர்திறன் 98 டெசிபல்’ என்று ஒரே வரியில் எழுதினால் வால்வு (வெற்றிடக் குழாய்) ஆம்ப்ளிஃபயர் வாங்கப் போகிறவர் குழம்பித்தான் போவார்.

குழம்பினால் காசு போகும். 300பி என்ற வகை வால்வு ஒன்றை மட்டும் வைத்துச் செய்த ஆம்ப்ளிஃபயர் ஏறக்குறைய 8 வாட் தரும். 1 வாட்டுக்கு 1 மீட்டர் தள்ளி 98 டெசிபல் தருகிற பழைய ஹார்ன் ஸ்பீக்கரில் அது 107 வரை போகும். வீட்டுக்கு அது தாராளம். பிபிசி வடிவமைத்த எல்எஸ்3/5ஏ என்ற சின்ன ஸ்பீக்கரின் அளவோ 83தான், அதே 8 வாட்டில் 92-ஓடு நின்றுவிடும். 3 டெசிபல் ஏற வாட் இரட்டிக்க வேண்டும். ஆக இரண்டுக்கும் இடையிலுள்ள 15 டெசிபலை ஈடுகட்ட 32 மடங்கு, அதாவது 256 வாட்! அந்தச் சின்னப் பெட்டியின் சுருள் தாங்காது.

பழசு என்றாலே குறைந்த வாட்டில் பாடும் என்ற நம்பிக்கையும் தவறு. 1954-இல் வந்த ஏஆர்-1 என்ற ஸ்பீக்கர் சின்னப் பெட்டியில் ஆழமான பேஸ் தந்தது, அதற்கு விலையாக சென்சிட்டிவிட்டியைத்தான் விட்டுக்கொடுத்தது.

வேலூர் லாங்கு பஜார் பக்கம் ஒரு மைக் செட் கடையில் இன்னும் ஒரு வால்வு செட் இருக்கிறது. பின்பக்கம் ஸ்பீக்கர் மாட்ட 4, 8, 16 ஓம் என்று எழுதிய திருகுகள், எழுத்து பாதி அழிந்திருக்கிறது. கூம்பு ஸ்பீக்கரைக் காட்டி, “இதுக்குக் கொஞ்சம் குடுத்தாலே போதும் சார், நிறைய கிடைக்கும்” என்றார் கடைக்காரர். கிடைப்பதுதானே பேறு? அதனால்தான் ‘ஒலிப்பேறு’ என்கிறேன். ‘ஒலியீட்டம்’ ஆம்ப்ளிஃபயரின் பெருக்கத்தைக் குறிக்கும் கெயினோடு மோதும், ‘ஒலிவிளைவு’ சினிமா சவுண்ட் எஃபெக்ட் ஆகிவிடும். இலங்கை நண்பர்கள் பவரை வலு என்பார்கள், அவர்களுக்கும் இந்தச் சொல் இடிக்காது.

அப்புறம், 16 ஓம் ஸ்பீக்கரை 16 ஓம் திருகில் மாட்டுவது வேறு விஷயம். அது மின்எதிர்ப்புப் பொருத்தம் (இம்பீடன்ஸ் மேட்சிங்), அதை இதோடு சேர்க்க வேண்டாம்.

வரையறையில் மட்டும் கவனம் வேண்டும். பல நிறுவனங்கள் 1 வாட்டுக்குப் பதில் 2.83 வோல்ட் கொடுத்து அளக்கின்றன. 8 ஓம் என்றால் இரண்டும் ஒன்றே. 16 ஓம் பழைய ஸ்பீக்கருக்கு 2.83 வோல்ட் என்பது அரை வாட்தான், 3 டெசிபல் குறைத்துக் காட்டும். 4 ஓமுக்கு நேர்மாறு. ஆகவே என் முன்மொழிவு:

ஒலிப்பேறு: 1 வாட் கொடுக்கும்போது ஸ்பீக்கருக்கு நேர் எதிரே 1 மீட்டர் தொலைவில் கிடைக்கும் ஒலியழுத்த மட்டம், டெசிபலில். வோல்ட் கணக்கில் அளந்திருந்தால் ஓம் அளவையும் சேர்த்தே குறிப்பிட வேண்டும்.