மழை பெய்த மறுநாள் காலையில் மட்டும் சோலார் இன்வெர்ட்டரில் ஐசோ எரர். ஒயரில் பிரச்சினையா?

கரிசல்காரன்:
வணக்கம். கோவில்பட்டிப் பக்கம் எங்கள் வீடு. மொட்டைமாடியில் 540 வாட் பேனல் ஆறு, ஒரே சீரியல் வரிசை. போட்டு இரண்டு வருடம் ஆகிறது. ஐப்பசி மழை ஆரம்பித்ததிலிருந்து காலையில் இன்வெர்ட்டரில் சிவப்பு விளக்கு, திரையில் 'பிவி ஐசோ லோ'. பத்து மணி வெயிலுக்குத் தானாக ஓட ஆரம்பித்துவிடுகிறது. மாட்டிக் கொடுத்தவர் "ரீசெட் பண்ணுங்க சார், போயிடும்" என்கிறார். வேப்பமரம் மாடியை ஒட்டியே இருக்கிறது, அணில் நடமாட்டம் உண்டு. நானே பேனலுக்கு அடியில் பார்த்து டேப் சுற்றிவிடலாமா?

தென்காசி ஒயர்மேன்:
டேப்பைக் கீழே வையுங்கள். இன்வெர்ட்டர் சரியாகத்தான் வேலை செய்கிறது. கரண்ட் லைனில் சேரும் முன், பேனலிலிருந்து வரும் டிசி (ஒரே திசையில் ஓடும் கரண்ட்) ஒயருக்கும் எர்த்துக்கும் இடையே இன்சுலேஷன் போதுமா என்று அது பார்க்கிறது, போதாவிட்டால்தான் இந்த 'ஐசோ லோ'. எங்கேயோ தோல் உரிந்த இடத்தில் ஈரம் பட்டுக் கசிகிறது, காய்ந்ததும் கசிவு குறைகிறது. ரீசெட் பண்ணினால் ஓட்டை அடையாது.

ஆறு பேனல் சேர்ந்தால் 300 வோல்ட்டுக்குப் பக்கம் டிசி. வீட்டு லைனில் வரும் ஏசி கரண்ட் ஒரு விநாடிக்கு 100 முறை பூஜ்யத்தைத் தொடும், அதனால் பொறி அணைய வழி உண்டு. டிசி பொறி பிடித்தால் இழுத்துக்கொண்டே எரியும். ஐசொலேட்டரை (டிசி லைனைத் துண்டிக்கும் சுவிட்ச்) ஆஃப் செய்தாலும் வெயில் இருக்கும்வரை பேனல் பக்கத்து ஒயர் உயிரோடுதான் இருக்கும். லோடு ஓடும்போது, பேனல் ஒயர்களைச் சொருகி இணைக்கும் எம்சி4 கனெக்டரைப் பிடுங்கவே கூடாது.

எலக்ட்ரீஷியன் யாராவது கூட இருந்தால் எரர் வரும் காலையிலேயே ஒன்று பாருங்கள். முதலில் ஏசி பிரேக்கர் ஆஃப், பிறகு டிசி ஐசொலேட்டர் ஆஃப். பேனல் பக்கம் பிளஸ் ஒயருக்கும் எர்த்துக்கும் (பிளஸ்–எர்த்), மைனஸ் ஒயருக்கும் எர்த்துக்கும் (மைனஸ்–எர்த்) இரண்டையும் டிசி வோல்ட்டில் அளந்து எழுதுங்கள். மீட்டர் 600 வோல்ட் டிசிக்குத் தாங்குவதாக இருக்கட்டும். நல்ல ஒயர் என்றால் இரண்டும் பூஜ்யத்துக்கு இறங்கிவிடும். நிலையாக நின்றால் கசிவு.

மாடிவீட்டு மணி:
எங்கள் வீட்டில் கறுப்பு இன்சுலேஷன் டேப் சுற்றித்தான் ஒரு வருடமாக ஓடுகிறது. இவ்வளவு பயமுறுத்த வேண்டுமா அண்ணே?

தென்காசி ஒயர்மேன்:
மணி தம்பி, அந்த டேப்பின் பசை சித்திரை வெயிலில் உருகி வழியும். சுவிட்ச் பெட்டிக்குள் சரி, மாடிக்கு ஆகாது. முதல் வேலையாக உங்கள் மாடியையும் ஒரு நடை பாருங்கள்.

கரிசல்காரன்:
இன்று காலை தூறல், எரர் வந்தது. தெரிந்த எலக்ட்ரீஷியன் அளந்தார். பிளஸ்–எர்த் 190, மைனஸ்–எர்த் 96, நிலையாக நிற்கிறது.

தென்காசி ஒயர்மேன்:
அருமை. மொத்தம் 286, பேனலுக்குச் சுமார் 48. 190 என்றால் நாலு பேனல். பிளஸ் முனையிலிருந்து எண்ணி நாலாவதுக்கும் ஐந்தாவதுக்கும் நடுவில் தேடுங்கள். பேனல் அடுக்கிய வரிசையில் எண்ணாமல் ஒயர் போகும் வரிசையில் எண்ணுங்கள், சிலர் ஒன்று விட்டு ஒன்று இணைத்திருப்பார்கள். பார்ப்பதோடு சரி, இரும்பு ஸ்டாண்டைக்கூட வெறுங்கையால் தொட வேண்டாம்.

கரிசல்காரன்:
அதே இடம்தான்! ஒயரைக் கட்டியிருந்த வெள்ளை நைலான் டேக் பொடிப்பொடியாக உதிர்ந்து, ஒயர் தொங்கி ஸ்டாண்ட் மேல் கிடக்கிறது. அணில் ஒரு விரல் நீளத்துக்குக் கறும்பியிருக்கிறது, செம்பு தெரிகிறது. கடையில் ஒரு எம்சி4 ஜோடி வாங்கிவிட்டேன். பேனலில் இருப்பது வேறு கம்பெனி, ஆனால் சொருகினால் பொருந்துகிறது.

தென்காசி ஒயர்மேன்:
பொருந்தும், அங்கேதான் வில்லங்கம். வேறு வேறு கம்பெனி கனெக்டரைச் சேர்த்தால் உள்ளே தொடும் இடம் சரியாக அமையாது. சூடேறும், தண்ணீர் இறங்கும். இரண்டு பாதியும் ஒரே கம்பெனி, ஒரே மாடல் வேண்டும். கனெக்டர் முனையை ஒயரோடு கட்டிங் பிளேயரால் நசுக்கக் கூடாது, அதற்கென்றே உள்ள கிரிம்பிங் டூல் தேவை. இழுத்துப் பார்த்து, பின்பக்க நட்டை முறுக்கி, 'க்ளிக்' கேட்கும்வரை சேர்க்க வேண்டும்.

பேனலோடு வந்த ஒயரை நீங்கள் வெட்டினால் வாரண்டியில் தகராறு வரலாம். மாட்டிக் கொடுத்தவரை எழுத்தில் கூப்பிடுங்கள். மானியத் திட்டத்தில் போட்டதென்றால் ஐந்து வருடப் பராமரிப்பு அவர் பொறுப்பு. வேலையை இருட்டியபின் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள், பேனலில் வோல்டேஜ் இருக்காது.

அப்படியே ஒயரை ஸ்டெயின்லெஸ் கிளிப்பிலோ வெயில் தாங்கும் கறுப்பு டேக்கிலோ பேனல் சட்டத்தோடு தூக்கிக் கட்டச் சொல்லுங்கள். கனெக்டர் தரையில் கிடக்கவே கூடாது, தேங்கிய தண்ணீரில் ஊறுவதற்கு அது செய்யப்படவில்லை. டிசி பெட்டிக்குள் ஒயர் அடிப்பக்கமாக, ஒரு தொய்வு விட்டு நுழையட்டும்; மழைத்தண்ணீர் தொய்விலேயே சொட்டிவிடும். அணிலுக்குப் பேனல் ஓரம் சுற்றிலும் வலை. அதைக் கிளிப்பில் மாட்ட வேண்டும், சட்டத்தில் ஓட்டை போட விடாதீர்கள்.

கரிசல்காரன்:
வாட்ஸ்அப்பில் படத்தோடு அனுப்பியதும் மறுநாள் சாயங்காலமே ஆள் வந்துவிட்டார். அதே கம்பெனி கனெக்டரோடு புது ஒயர்த் துண்டு போட்டார். அதற்குப் பிறகு இரண்டு ராத்திரி நல்ல மழை, இரண்டு காலையும் ஏழு மணிக்கு முன்பே பச்சை விளக்கு. வலை அடுத்த வாரம். அதுவரை வேப்பமரக் கிளையைக் கழித்துவிட்டேன், வீட்டில் அதற்குத்தான் திட்டு.