ஆச்சி வீடு குரூப்: மணி, கிளி, ஆமை

*வெள்ளிக்கிழமை*

பிரபு (காலை 7:12)
பக்கத்து வீட்டு சிவகாமி அக்கா போன் பண்ணாங்க. மணி ராத்திரி பூரா ஊளையிடுதாம். மூணு நாளா வச்ச சோத்தைத் தொடலையாம். பெரிய மாமாவுக்குப் பதினாறு முடிஞ்சு எல்லாரும் கிளம்பினதுல இருந்து சங்கிலியை யாரும் அவுக்கலை போல. வீட்டுச் சாவி யார்ட்ட இருக்கு?

கோமதி (7:15)
பெரியண்ணனைத் தேடுது. நாய்க்கு இருக்குற பாசம்...

குமார் துபாய் (7:38)
அத்தை, எனக்குக் கிடைச்ச லீவே 5 நாள். காலையிலயே ஆரம்பிக்காதீங்க.

கோமதி (7:39)
நான் யாரையும் சொல்லல சாமி.

சங்கர் (7:41)
ஒரு சாவி என்கிட்ட. இன்னொண்ணு முருகன் அத்தான்ட்ட.

முருகன் (7:44)
என்கிட்ட இல்ல. பந்தக்காரன் வாங்கினான், திருப்பித் தரலை.

திவ்யா (7:46)
சாவியை அப்புறம் பாப்போம். பிரபு அத்தான், நீங்க பின்சந்து வழியாப் போங்க. மணிக்குத் தண்ணி மட்டும் வைங்க, அதுவும் ஒரு டம்ளர் அளவு. பத்து நிமிஷம் கழிச்சு இன்னொரு டம்ளர். சாப்பாடு இப்போ போடாதீங்க. அவனையும், கிளிக்கூண்டையும், கிணத்தடித் தொட்டியையும் படம் எடுத்து அனுப்புங்க.

செல்வி (7:47)
ஏட்டி, பட்டினி கிடக்குற ஜீவனுக்குச் சோறு போடாதேங்க. அந்தக்கா பாவம் கறிக்குழம்பு ஊத்திப் பிசைஞ்சு வச்சிருக்காங்க.

திவ்யா (7:55)
அம்மா, காரணம் சொல்லுதேன். பட்டினி கிடந்த உடம்புல திடீர்னு வயிறு நிறைய சோறு போனா ரத்தத்துல பாஸ்பரஸும் பொட்டாசியமும் மளமளன்னு இறங்கும். இதயம் தடுமாறும். பட்டினியில பிழைச்சது சாப்பாட்டுல போயிரும். இன்னைக்கு நாள் பூராவுக்கும் நாலு கைப்பிடி போதும். குழைய வடிச்ச சோறும் அவிச்ச கோழியும், உப்பு, மசாலா, வெங்காயம் எதுவும் கூடாது. ஒரு வேளைக்கு ஒரு கைப்பிடின்னு நாலு வேளை. நாளைக்கு அதுல பாதி கூட்டலாம். பழைய அளவுக்கு வர அஞ்சு நாள் ஆகட்டும். வெங்காயம் நாய்க்கு ரத்தத்தையே உடைக்கும், அதனால குழம்புச் சோறு எப்பவுமே வேண்டாம்.

முருகன் (7:58)
ம்

பிரபு (8:20)
[3 படங்கள்]
தண்ணி குடிச்சான். கழுத்துல புண்ணு. சங்கிலியை இழுத்து இழுத்து பெல்ட் தோலுக்குள்ள போயிருக்கு. ஈ மொய்க்கு. ஒரு நாத்தம் வருது.

திவ்யா (8:24)
அது புழு வச்ச நாத்தம். ஈ முட்டை போட்டா ஒரே நாள்ல பொரிச்சுரும், புழு உள்ள உள்ள குடைஞ்சுக்கிட்டே போகும். பெல்ட்டைப் பிடிச்சு இழுக்காதீங்க, சதையோட வரும். சங்கிலியை மட்டும் கழத்துங்க. மண்ணெண்ணெய், பெட்ரோல், பினாயில் எதையும் ஊத்தக்கூடாது, யார் சொன்னாலும். சுத்தமான வேட்டித்துணியைத் தளர்வாச் சுத்தி அம்பை கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோங்க, 12 மணிக்குள்ள. வண்டி கிடைக்கலைன்னா 1962க்கு அடிங்க, கால்நடை ஆம்புலன்ஸ்.

தூக்கும்போது வலியில கடிப்பான். நம்ம மணிதானேன்னு நினைக்காதீங்க. ஒரு துப்பட்டாவை மூக்குக்கு மேல ஒரு சுத்து, தாடைக்குக் கீழ குறுக்க மாத்தி, காதுக்குப் பின்னால முடிச்சு. மூச்சு இரைச்சாலோ வாந்தி எடுத்தாலோ உடனே அவுத்துருங்க.

பல் பட்டா சோப்புப் போட்டு ஓடுற தண்ணியில 15 நிமிஷம் கழுவிட்டு அரசு ஆஸ்பத்திரிக்குப் போயிருங்க. வெறிநாய்க்கடி ஊசியை அன்னைக்கே ஆரம்பிக்கணும். அங்க தோல்ல போடுற ஊசின்னா அன்னைக்கு, அப்புறம் 3, 7, 28ஆம் நாள். சதையில போட்டா 14ஆம் நாளும் சேரும். நடுவுல விட்டுரக் கூடாது.

பிரபு (8:25)
சரி

முருகன் (8:40)
இம்புட்டுக்கு எதுக்கு. ஆஸ்பத்திரி முடிஞ்சதும் நம்ம சிவன் கோயில் வாசல்ல விட்டுருவோம். வார போறவன் சோறு போடுவான். சாமி பாத்துக்கும்.

கோமதி (8:41)
அதுவும் நல்ல யோசனைதான்

திவ்யா (8:52)
மாமா, மணிக்கு 9 வயசு. அந்த வீட்டை விட்டு எங்கயும் போனதில்ல. கோயில் வாசல்ல ஏற்கெனவே ஏழெட்டு நாய் இருக்கு, அது அதுங்க இடம். புதுசா ஒண்ணு வந்தா முதல் ராத்திரியே கடிச்சுக் குதறும். அவன் ரோட்டுக்கு ஓடுவான், இல்ல பெரியப்பா வீட்டைத் தேடி எட்டு மைல் நடப்பான். வளர்த்த நாயைப் பட்டினிக்கு விட்டுட்டுப் போறது 1960 மிருகவதைத் தடுப்புச் சட்டத்துல குற்றம். முதல் தடவைக்கு அபராதம் 10ல இருந்து 50 ரூபாய், அன்னைக்கு எழுதினது இன்னும் மாறலை. அம்பது ரூபாய்தானேன்னு தோணும். அதனாலதான் நாம பேச வேண்டியிருக்கு.

சாமி பாத்துக்கும்னு சொல்லுதீங்க. நெல்லையப்பர் கோயில் யானை காந்திமதிக்குப் பாகன் இருந்தாங்க, டாக்டர் இருந்தாங்க, ஊரே கும்பிட்டுச்சு. வருஷக்கணக்கா மூட்டுவலி. 2025 ஜனவரியில படுத்தவ எந்திரிக்கவே இல்ல. மண்ணுலயும் சேத்துலயும் மைல் கணக்கா நடக்கப் படைச்ச பாதம் அது. கல்தளத்துல நின்னு நின்னு நகமும் மூட்டும் என்னத்துக்கு ஆகும்?

செல்வி (8:54)
காந்திமதியை நினைச்சா இப்பவும் வயித்தைப் பிசையுது. ஆனித் தேருக்கு முன்னால நடந்து வருவாளே

கோமதி (8:55)
எங்க கல்யாணத்தன்னைக்கு ஆசீர்வாதம் பண்ணுச்சு

முருகன் (8:56)
அது வேற யானை கோமதி. நம்ம கல்யாணம் 1979.

கோமதி (8:56)
எனக்குத் தெரியாதாக்கும்

மீனா (9:30)
இப்பதான் பாத்தேன். கிளி எப்படி இருக்கு? அதை யாரும் எதுவும் பண்ணிராதீங்க. நான் பெங்களூருக்குக் கொண்டுவந்துருவேன்.

செல்வி (9:33)
அந்தக் கூண்டு ஆச்சியோட பித்தளைக் கூண்டு. கிளி எங்க போனாலும் கூண்டு வீட்டுல இருக்கட்டும்.

கோமதி (9:34)
அது அம்மா எனக்குன்னு சொன்னது மதினி.

செல்வி (9:34)
எப்போ சொன்னாங்க?

சங்கர் (9:35)
ரெண்டு பேரும் விடுங்க.

திவ்யா (9:50)
கூண்டை யார் வேணா எடுத்துக்கோங்க, முதல்ல கிளியை அதுல இருந்து எடுக்கணும். படத்தைப் பெரிசாக்கிப் பாருங்க, கம்பி மூட்டுல பச்சைக் களிம்பு. பித்தளைங்கிறது செம்பும் துத்தநாகமும். கிளி நாள் பூரா கம்பியைக் கடிக்கும், அந்த உலோகம் உள்ள போய் நஞ்சாகும். இறகைப் புஸ்ஸுன்னு உப்பிக்கிட்டு உக்காந்திருக்கு பாத்தீங்களா, குளிருக்கு இல்ல, அது சுகமில்லாத அடையாளம். அத்தான், மூச்சு விடும்போது வால் மேலயும் கீழயும் ஆடுதான்னு பாத்துச் சொல்லுங்க.

பிரபு (10:05)
ஆஸ்பத்திரியில இருக்கேன். சிவகாமி அக்காட்ட கேட்டேன், வால் ஆடலையாம். சேவு போட்டாங்களாம்.

திவ்யா (10:09)
சேவு, மிக்சர், பிஸ்கட், டீ எதுவும் வேண்டாம், உப்பு அந்தச் சின்ன உடம்புக்கு ஆகாது. கொய்யா, கோவைப்பழம், ஊற வச்சு முளைகட்டின பாசிப்பயறு, கம்பங்கதிர், பச்சை மிளகாய் கொடுக்கலாம். வேர்க்கடலை பழசா இருந்தா பூஞ்சை பிடிச்சிருக்கும், அதுவும் ஈரலுக்கு விஷம். கடிக்க ஒரு கொய்யாக் குச்சி வைங்க.

மீனா அக்கா, கோவிச்சுக்காதீங்க. அது பச்சைக்கிளி, கழுத்துல வளையம் உள்ளது. லவ் பேர்ட்ஸ் மாதிரி வெளிநாட்டுப் பறவை இல்ல. 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துக்குள்ள வரும். 2022ல திருத்தி 2023 ஏப்ரல்ல இருந்து அமலுக்கு வந்ததுல இரண்டாம் அட்டவணையில இருக்கு. வீட்டுல வைக்கிறதும் குற்றம், ரயில்ல மாநிலம் தாண்டிக் கொண்டுபோறதும் குற்றம். குஞ்சா இருக்கும்போது மரப்பொந்துல இருந்து எடுத்துத்தான் விக்கிறாங்க. ஒண்ணு வீட்டுக்கு வர்றதுக்குள்ள கூடப் பிறந்ததுங்க வழியிலயே செத்துப்போகும்.

முருகன் (10:12)
அப்போ கூண்டைத் திறந்து விட்டுருவோம். பறந்து போகட்டும், புண்ணியம்.

திவ்யா (10:18)
அதைத்தான் செய்யவே கூடாது மாமா. றெக்கை வெட்டின கிளி. வெட்டின இறகு தானா உதிர்ந்து புதுசு முளைக்க ஒரு வருஷம்கூட ஆகலாம். பறந்து பழகாத நெஞ்சுச் சதை சூம்பியிருக்கும். எது தீனி, எது பருந்துன்னு அதுக்குச் சொல்லித்தர ஆள் இல்ல. திறந்து விட்டா முருங்கை மரம் வரைக்கும் போகும், காக்கா சுத்தி வளைச்சுரும். அம்பாசமுத்திரம் வனச்சரக அலுவலகத்துல ஒப்படைச்சு எழுதி வாங்கணும். நாமளாப் போய்க் கொடுக்குறது வேற, அவங்களா வந்து பிடிக்கிறது வேற. கூண்டோட பைக்ல கொண்டுபோகாதீங்க, காத்துக்கும் சத்தத்துக்கும் மிரண்டு அடிபடும். அட்டைப்பெட்டியில பென்சில் பருமனுக்குப் பத்துப் பன்னெண்டு ஓட்டை, அடியில பழைய துண்டு, மேல மூடி. இருட்டுல அமைதியா இருக்கும்.

மீனா (10:31)
திவ்யா, அது அப்பா குரல்ல பேசும். மீனாக்குட்டி சாப்டியான்னு. அப்படியே அப்பா மாதிரி. அதை எப்படி அங்க கொடுக்க?

செல்வி (10:33)
அழாத மீனா

திவ்யா (10:40)
அக்கா, கொடுக்குறதுக்கு முன்னால அதைப் பதிவு பண்ணச் சொல்லுதேன். நீங்க அவசரப்பட வேண்டாம். ஆனா பெங்களூர் பால்கனியில அது இன்னும் 20 வருஷம் இருக்கும், அந்தக் கம்பிக்குள்ள தனியா. அது கூட்டமா வாழுற பறவை. நம்மகிட்ட பேசக் கத்துக்கிட்டதே பேச வேற கிளி இல்லாததாலதான்.

மீனா (10:41)
(இந்தச் செய்தி நீக்கப்பட்டது)

பிரபு (11:50)
மணிக்குப் புழு எடுத்து மருந்து வச்சாச்சு. முடியெல்லாம் சிரைச்சு பெல்ட்டை வெட்டி எடுத்தாங்க. ஈறு வெளுத்திருக்காம், உண்ணிக் காய்ச்சலா இருக்கலாம், ரத்தம் எடுத்திருக்காங்க. மறுபடி திங்கக்கிழமை வரணுமாம். இப்போ எங்க வீட்டு மாடிப்படிக்குக் கீழ படுத்திருக்கான்.

கோமதி (11:52)
யாரைக் கேட்டுக் கொண்டுவந்த? எனக்கு ஆஸ்துமா இருக்குறது தெரியாதா?

பிரபு (11:52)
திங்கக்கிழமை வரைக்கும்தாம்மா

குமார் துபாய் (11:55)
மாப்ள, செலவு எல்லாம் நான் அனுப்புதேன். எவ்வளவுன்னாலும்.

கோமதி (11:57)
காசு அனுப்பினா ஆச்சு.

திவ்யா (12:02)
அத்தை, உங்க ரூம் பக்கம் அவன் வர வேண்டாம், படிக்கட்டே போதும். கழுத்துல மறுபடி பெல்ட் போடாதீங்க, நெஞ்சைச் சுத்திப் போடுற வார்ப்பட்டை வாங்கிக்கலாம். அப்புறம் அந்தத் தொட்டிப் படம். அதுல இருக்குறது நட்சத்திர ஆமை! எவ்வளவு தண்ணி இருக்கு?

பிரபு (12:04)
முக்கால் தொட்டி. ஓரத்துல ஒரு செங்கல் மேல நிக்கி, மூக்கு மட்டும் வெளிய.

திவ்யா (12:05)
உடனே சிவகாமி அக்காவைத் தூக்கச் சொல்லுங்க. அது தண்ணி ஆமை இல்ல. காலைப் பாருங்க, யானைக்கால் மாதிரி தூண் தூணா இருக்கும். துடுப்பு மாதிரி விரலுக்கு நடுவுல சவ்வு இருக்காது. அதுக்கு நீந்தத் தெரியாது, கால் வழுக்குனா முங்கிரும். ரெண்டு கையாலயும் ஓட்டோட ரெண்டு பக்கத்தையும் பிடிச்சு மெதுவாத் தூக்கணும். பயந்தா சேத்து வச்ச தண்ணியெல்லாம் மூத்திரமாப் போயிரும், அதனால குலுக்கக்கூடாது.

முருகன் (12:10)
அதைத்தான் அன்னைக்கே சொன்னேன். ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாதுன்னு. கேட்டாரா மச்சான்?

சங்கர் (12:11)
அத்தான், செத்துப்போனவரைப் பத்தி இப்போ எதுக்கு?

திவ்யா (12:20)
மாமா, அது புகுந்து வரலை, யாரோ முள்காட்டுல இருந்து பிடிச்சுட்டு வந்தது. பெரியப்பாவுக்கு ரோட்டுல கிடைச்சிருக்கும், பாவம்னு தூக்கிட்டு வந்திருப்பாங்க. ஆனா இது முதல் அட்டவணை, புலி இருக்குற அட்டவணை. 2019ல இருந்து உலக அளவுலயும் வியாபாரத்துக்குத் தடை. இந்தியாவுல இருந்து பெட்டி பெட்டியாக் கடத்துறாங்க, அதிர்ஷ்டம்னு சொல்லி விக்கிறாங்க. கிளியோட சேத்து இதையும் வனச்சரகத்துல கொடுத்துரணும். நாமளே எங்கயாவது காட்டுல விடக்கூடாது. வீட்டுல பிடிச்ச நோயை அங்க உள்ளதுக்குக் கொடுத்துரும்.

அதுவரைக்கும் மண்தரை, பாதி வெயில், பாதி நிழல். அருகம்புல், செம்பருத்தி இலை, சப்பாத்திக்கள்ளியை முள் நீக்கி. இட்லி, சோறு, பால் வேண்டாம். தினம் ஒரு தடவை தாம்பாளத்துல ஒரு விரக்கடை வெதுவெதுப்பான தண்ணி ஊத்தி 15 நிமிஷம் நிக்க விட்டாப் போதும், அதுவே குடிச்சுக்கும்.

செல்வி (12:22)
எந்தத் தாம்பாளம்? பதினாறுக்கு எடுத்தது ரெண்டு குறையுது

குமார் துபாய் (12:30)
திவ்யா, அப்பா பேர்ல கேஸ் ஏதும் வருமா? வீட்டைப் பாக்க ஞாயித்துக்கிழமை ஆள் வாராங்க.

கோமதி (12:30)
வீட்டைப் பாக்கவா? யார்?

சங்கர் (12:31)
குமாரு, எனக்குக்கூடச் சொல்லலையே

குமார் துபாய் (12:33)
சும்மா பாக்கத்தான் சித்தப்பா. போன்ல பேசுதேன்.

திவ்யா (12:36)
அண்ணே, உள்ளதை உள்ளபடி எழுதிக் கொடுப்போம். இறந்தவர் வீட்டுல இருந்துச்சு, வாரிசு நாங்க ஒப்படைக்கிறோம்னு. கையெழுத்து நீங்களோ மீனா அக்காவோ போடணும். வீடு பாக்க வாரவங்க முன்னாடி இதுங்க இருக்கக்கூடாதுன்னு ராத்திரியோட ராத்திரியா யாரும் எங்கயும் கொண்டுபோய் விட்டுராதீங்க.

பிரபு (மாலை 5:48)
ஆமையைத் தூக்கியாச்சு. உயிரோட இருக்கு. கிளி பேசுனதை எடுத்திருக்கேன்.
[குரல் பதிவு 0:19]

மீனா (6:20)
சரி. திங்கக்கிழமை நானே வாரேன். கையெழுத்துப் போட்டு நானே கொடுக்கேன். அதுவரைக்கும் யாரும் கொண்டுபோக வேண்டாம்.

செல்வி (6:22)
வா கண்ணு. இங்க தங்கு.

கோமதி (6:23)
இங்க தங்கட்டும், எங்க வீடுதான் பக்கம்.

திவ்யா (6:41)
அப்பா, ஒண்ணு கேக்கணும். போன மாசம் பெரியப்பா லெச்சுமி ஆறு மாசச் சினைன்னு சொன்னாங்க. பதினாறு முடியுறதுக்குள்ள நீங்க வித்தது எந்த ஊருக்கு? வாங்கினவருக்குச் சினைன்னு தெரியுமா? ஏழாம் மாசம் முடியுறப்போ பால் வத்த வைக்கணும், கன்னு போட 60 நாள் முன்னாடி கறவையை நிறுத்தலைன்னா தாயும் தேறாது, சீம்பாலும் சரியா ஊறாது. லாரியில ஏத்தினா கன்னே கலைஞ்சாலும் கலைஞ்சுரும்.

குமார் துபாய் (6:43)
மாட்டை வித்தாச்சா?

கோமதி (6:43)
எவ்வளவுக்கு?

சங்கர் (7:30)
தரகன் நம்பர் எடுத்துக்கிட்டு இருக்கேன். காலையில கேட்டுச் சொல்லுதேன்.