வீட்டுக்கடன் தவணை கைமீறிப் போகிறது, வழி சொல்லுங்கள்

எல்லோருக்கும் வணக்கம். இரண்டு சம்பளம் வருகிற தைரியத்தில் வாங்கிய கடன் இது. நான்கு மாதத்துக்கு முன் கணவருக்கு வேலை போய்விட்டது, இப்போது என் சம்பளம் மட்டும்தான், அதில் பாதிக்கு மேல் தவணைக்கே போய்விடுகிறது. இதுவரை ஒரு தவணையும் தவறவில்லை, சேமிப்பைக் கரைத்துத்தான் கட்டினோம். மிச்சம் இருப்பது இன்னும் இரண்டு தவணைக்குத்தான் வரும்.

நேற்று ராத்திரி உட்கார்ந்து கணக்குப் போட்டோம். வட்டி 9 சதவீதம், 15 வருடம் பாக்கி. அதை 20 வருடமாக நீட்டினால் தவணை 11 சதவீதம் போலத்தான் குறைகிறது, 25 ஆக்கினால் 17, ஆனால் இனி கட்ட வேண்டிய மொத்த வட்டி இரண்டு மடங்கை நெருங்குகிறது. கொஞ்ச காலத்துக்கு வட்டி மட்டும் கட்ட விட்டால் தவணையில் கால்வாசி குறையும், எங்களுக்கு அதுவே பெரிய மூச்சு.

தவணை தவறுவதற்கு முன்பே வங்கியில் போய் இப்படிக் கேட்டவர்கள் யாராவது இருக்கிறீர்களா? வேலை போனதற்கான கடிதம் போதுமா, வேறு என்ன காகிதம் கேட்டார்கள்? அப்புறம், வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு நாங்கள் சின்ன இடத்துக்குப் போவது சரிவருமா?

தனிநபர் கடன் வாங்கித் தவணையைக் கட்டு என்கிறார் ஒரு உறவினர். அதிக வட்டிக்கு வாங்கிக் குறைந்த வட்டியை அடைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. விற்றுவிடலாம் என்கிறார் கணவர். கதவு நிலையில் மகளின் உயரத்தை வருடாவருடம் பென்சிலால் குறித்து வைத்திருக்கிறோம், அதைப் பார்த்தால் எனக்கு மனசு வரவில்லை. அனுபவப்பட்டவர்கள் தயவுசெய்து எழுதுங்கள்.