கன்றின் தொப்புள் புண்ணில் புழு: இரண்டு பச்சை ஈக்களில் இது எது?

லயத்து_மாட்டுக்காரன்:
பொகவந்தலாவைப் பக்கம் தோட்டத்தில் இருக்கிறேன், லயத்துக்குப் பின்னால் கொட்டிலில் இரண்டு பசு. பிறந்து ஒன்பது நாளான கன்றுக்குத் தொப்புளில் புண், நேற்று விரித்துப் பார்த்தால் உள்ளே புழு நெளிகிறது. வாய் ஐந்து ரூபாய்க் குத்தி அளவுதான், ஆனால் உள்ளே ஆழம், நாற்றம் தாங்கவில்லை. பக்கத்தில் பறந்த ஈ ஒன்றைப் பிடித்தேன், நீலமும் பச்சையுமாக மினுங்குகிறது, கண் செங்கல் நிறம். கருவாட்டில் உட்காருகிற அதே ஈதான், மஞ்சள் வைத்துக் கட்டு என்கிறார்கள் லயத்தில். உயிருள்ள சதையையே தின்னும் ஈ ஒன்று தனியாக உண்டு என்று கேள்விப்பட்டிருக்கிறேன். எப்படிப் பிரித்துப் பார்ப்பது?

கம்பளை_பூச்சி:
தம்பி, முதலில் கால்நடை வைத்தியரைக் கூப்பிடுங்கள், கன்று சின்னது, தள்ளிப்போடாதீர்கள்.

நீங்கள் கேள்விப்பட்டது கிரைசோமியா பெசியானா. கருவாட்டு ஈ கிரைசோமியா மெகாசெஃபலா, இரண்டும் ஒரே பேரினம், நிறமும் ஒன்று. ஆனால் நீங்கள் பிடித்த ஈயை வைத்து முடிவுக்கு வந்துவிடாதீர்கள். பெசியானா முட்டையைப் புண் ஓரத்தில் வைத்துவிட்டுப் போய்விடும், கண்ணில் படுவதே அபூர்வம். நாற்றத்துக்கு வந்து சுற்றுவது பெரும்பாலும் மற்றதுதான். அதனால் பார்க்க வேண்டியது புழுவை, அதுவும் ஆழத்தில், தலையைச் சதைக்குள் புதைத்து வாலை வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் புழுவை. மேலே ஊர்வதை மட்டும் பொறுக்கினால் பின்னால் வந்து சேர்ந்த வேறு ஈயின் புழுவாக இருக்கலாம்.

நன்கு வளர்ந்த புழுவாக எடுங்கள். தலைக்குச் சற்றுப் பின்னால் இரண்டு பக்கமும் விசிறி மாதிரி மூச்சுத்துளை இருக்கும், அதில் விரல் விரலாகக் கிளைகள். பெசியானாவுக்குப் பெரும்பாலும் 4 முதல் 6, மெகாசெஃபலாவுக்கு 11 முதல் 13. கைலென்ஸ் போதாது, பாடசாலை மைக்ரோஸ்கோப் கிடைத்தால் தாராளமாகப் போதும். உயிரோடு ஸ்பிரிட்டில் போடாதீர்கள், சுருங்கிக் கறுத்துவிடும், ஒன்றும் தெரியாது. கொதித்து இறக்கிய தண்ணீரில் அரை நிமிடம் விட்டு, அப்புறம் சர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் போடுங்கள். மிச்சத்தைக் கொட்டிலில் கொட்டிவிட வேண்டாம், மண்ணுக்குள் போய்க் கூடாகி ஈயாகத்தான் திரும்பி வரும்.

மஸ்கெலியா_ரீச்சர்:
ஈயையும் தூக்கி எறிந்துவிடாதீர்கள். சிறகு உடம்போடு சேரும் இடத்தில் சின்னச் செதில் மாதிரி ஒன்று இருக்கும், கீழ்ச் செதில் மெழுகு போல வெள்ளையாக இருந்தால் பெசியானா, கரும்பழுப்பு என்றால் மெகாசெஃபலா. ஆண் ஈயாக இருந்தால் கண்ணையும் பாருங்கள்: மெகாசெஃபலாவுக்கு மேல்பாதியில் பெரிய கட்டம், கீழே சின்னக் கட்டம், நடுவில் கோடு போட்ட மாதிரிப் பிரிந்திருக்கும். பெசியானாவில் அந்தக் கோடு தெளிவாக இருக்காது. நிறத்தை மட்டும் நம்பினால் கட்டாயம் ஏமாறுவோம்.

லயத்து_மாட்டுக்காரன்:
வைத்தியர் அன்றைக்கே வந்து ஊசி போட்டு, புண்ணைக் கழுவி, இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்தார், எண்பதுக்கு மேல். தங்கச்சி படிக்கும் பாடசாலையில் கேட்டு ஐந்து புழுவைப் பார்த்தோம். ஆழத்தில் எடுத்த நான்கிலும் விரல் ஐந்து. மேலே ஓரத்தில் எடுத்த ஒன்றில் மட்டும் பன்னிரண்டு, அண்ணன் சொன்னபடியேதான், இரண்டும் ஒரே புண்ணில். பிடித்த ஈயின் செதில் கரும்பழுப்பு. போத்தலை வைத்தியர் கன்னொறுவை ஆராய்ச்சி நிலையத்துக்கு அனுப்பக் கொண்டுபோனார். கன்று இன்றைக்குக் காலையில் எழுந்து முட்டி முட்டிப் பால் குடித்தது.

கம்பளை_பூச்சி:
நல்லது தம்பி. தாய்ப் பசுவின் காதோரம், மடி, கொம்படி எல்லாம் தடவிப் பாருங்கள், உண்ணி கடித்த சின்னக் காயமே இந்த ஈக்குப் போதும். பக்கத்து லயத்தில் கன்று போட்டிருந்தால் அவர்களிடமும் சொல்லிவிடுங்கள், தொப்புளுக்கு அயடின் வைக்கச் சொல்லி.